மாதையன் அண்ணனைப் போகச் சொன்னது நான்

ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஓசூரில் பழுதான வண்டிகளை இழுத்து வரும் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடம் தொலைபேசி மேசையில் இருந்தேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எழுந்து வந்துவிட்டேன். இனி அந்த நாற்காலிக்குத் திரும்பப் போவதில்லை என்பதால் இதை ஓய்வு என்றே வைத்துக்கொள்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் வனிதா மத்திகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது அந்த மேசையில் இருப்பவள் அவள். கணினி வந்துவிட்டது, படிவங்கள் போய்விட்டன, புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள்.

"அக்கா, அந்த அஞ்செட்டி கேஸு உங்க டைம்லதானே நடந்துச்சு?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"டிரெய்னிங்ல சொன்னாங்க. ஆர்டர் இல்லாம டிரைவர் ஒருத்தர் அவரா கிரேனை எடுத்துட்டுப் போயி, கஸ்டமர் வண்டியோட ஆக்சிலை வளைச்சிட்டாராமே. எழுதாம யாரையும் அனுப்பக் கூடாதுங்கறதுக்கு அதைத்தான் உதாரணமா காட்டுனாங்க."

"டிரைவர் பேரைச் சொன்னாங்களா?"

"திரையிலயே போட்டாங்கக்கா. மாதையன்னு."

அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தேன். பி.எஸ்சி. படித்திருந்தேன், தமிழும் ஆங்கிலமும் சுமாராகப் பேசுவேன். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் வருடம் முழுக்கத் திட்டு வாங்கியதுதான் பயிற்சி. கன்னடத்திலும் தெலுங்கிலும் "எங்கே நிற்கிறீர்கள்" என்று கேட்க மத்திகிரி மாடி வீட்டு ரத்னம்மாவிடம் கற்றுக்கொண்டேன். பிறகு என் மகளைப் பகலில் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

சூளகிரி மேட்டில் லாரி நின்றாலும், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டுச் சாலையில் கார் நின்றாலும் அழைப்பு எங்களுக்கு வரும். நின்ற இடத்தைச் சொல்லத் தெரியாதவர்கள்தான் அதிகம். "ஒரு புளியமரம் இருக்குங்க" என்பார்கள். நெடுஞ்சாலையில் எந்தப் புளியமரம்? அதை எப்படி விசாரிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேலாளர் சபாபதி சார். முதலில் கிலோமீட்டர் கல்லைக் கேட்க வேண்டும். கல்லைக் கவனிக்காதவரிடம் கடைசியாகக் கடந்த கடையைக் கேட்க வேண்டும். அதுவும் தெரியாவிட்டால், மலை உங்கள் வலது கைப்பக்கமா இடது கைப்பக்கமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்வியில் இடம் அகப்படவில்லை என்றால் கேட்டவளிடம்தான் தவறு என்பார். உண்மையிலேயே நல்ல பாடம். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

சபாபதி சார் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது உட்காரவும் மாட்டார். மூடி கழற்றாத பேனாவைப் பிடித்தபடி எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நாம் ரிசீவரை வைத்ததும் படிவத்தை எடுத்து, பதினான்கு கட்டங்களையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிப்பார். வண்டி எண், உறுப்பினர் எண், நிறம், சாலை, கல், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று வரிசையாகப் போகும். எதுவும் எழுதாமல் இருந்தால் பேனாவின் மூடியால் அந்த இடத்தை இரண்டு தட்டு தட்டுவார்.

"அம்மா, கட்டம் காலியா இருக்கு."

அவ்வளவுதான் சொல்வார். வயதில் சிறியவர்களைக்கூட அம்மா என்றுதான் கூப்பிடுவார். திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்குத் தோன்றும். அந்தப் பதினான்கு கட்டங்களில் "வண்டிக்குள் ஆள் இருக்கிறாரா" என்ற கேள்வி கிடையாது. இது என் கண்ணில் படவே நான்கு வருடம் ஆயிற்று.

மாதையன் அண்ணன் எங்கள் மூன்று கிரேன் ஓட்டுநர்களில் மூத்தவர், அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். நான் தொலைபேசியில் இடம் சொன்னால் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். "அங்கிட்டு போயி இங்கிட்டு திரும்புன்னா நான் உங்கூரு விருதுநகருக்குத்தான் போவணும். கல்லு நம்பரச் சொல்லும்மா" என்பார். அவர் வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் சங்கிலி, அடுத்து ஆள், கடைசியில்தான் வண்டி. சங்கிலி மாட்டி வண்டி நகராது என்று ஆகும்வரை உள்ளே இருப்பவரைத் தொட மாட்டார். ஆள் வெளியே வரும்வரை வண்டியை ஒரு அங்குலம்கூட இழுக்க மாட்டார்.

அப்போது செல்போன் பரவ ஆரம்பித்த காலம். எல்லையோரம் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தளியிலும் அஞ்செட்டி மலையிலும் சில வளைவுகளில் கர்நாடக டவர்தான் கிடைக்கும். நம் ஊர் மண்ணில் நின்றபடி எங்கள் உதவி எண்ணை அழைத்தால், அழைப்பு எங்கள் பெங்களூர் கிளையின் மேசைக்குப் போய்விடும். எங்கள் நிறுவனத்தில் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்த மேசை முதலில் படிவம் எழுதுகிறதோ, அந்த மேசையின் வண்டிதான் போக வேண்டும். இன்னொரு மேசை அதைத் தொட வேண்டுமென்றால் முதல் மேசையிலிருந்து விடுவிப்புச் சீட்டு ஃபேக்ஸில் வர வேண்டும். இரண்டு மேசைகளும் ஒரே வேலைக்கு வண்டி அனுப்பிச் சண்டை போட்டதால் வந்த விதி. காரணம் நியாயமானதுதான்.

அன்று காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு அழைப்பு வந்தது. மூச்சு வாங்க ஒரு பெண் பேசினார்.

"தமிழா? அப்பாடா. ரெண்டு தடவ போட்டேங்க, ரெண்டு தடவயும் கன்னடத்துல பேசுறாங்க. ஊரு பேரயும் கல்லு நம்பரயும் சொன்னேன், புரிஞ்சுதான்னு தெரியல. இப்ப ஒரு கிலோமீட்டர் மேல ஏறி வந்து பேசுறேன்."

அவர் பெயர் ஸ்டெல்லா. ஓசூரில் மருத்துவமனையில் இருந்த மாமனாரை வேனில் அஞ்செட்டிக்கு வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். வேனை ஓட்டியவர் கணவர் அருள். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அருள் வண்டியை மலைப் பக்கம் திருப்பிப் பாறையில் மோதியிருக்கிறார். மோதிய வேகத்தில் வேன் சுழன்று, பின்பகுதி சாலையின் மறு ஓரத்தைத் தாண்டிவிட்டது. முன்பாதி சாலையிலும் பின்பாதி பள்ளத்துக்கு மேலேயும் நிற்கிறது.

கல் எண் கேட்டேன், சொன்னார். நிறம் கேட்டேன். பிறகு எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை, படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"மாமா இருக்காருங்க. இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. பின்சீட்டுல படுத்த வாக்குல இருக்காரு, நகர முடியாது. நான் எறங்குனேன், வண்டி பின்னால ஒரு சாண் எறங்கிடுச்சு. அதுக்கப்பறம் இவரு எறங்கல. எடைக்காக முன்னாலயே உக்காந்திருக்காரு. நாலு பேரு கயித்தக் கட்டி மரத்துல பிடிச்சிருக்காங்க. மழை வலுத்தா கரை கரைஞ்சிடும்னு சொல்றாங்க. எப்பங்க வருவீங்க?"

மகன் எடைக்கல்லாக உட்கார்ந்திருக்கிறான். அவன் எழுந்தால் அப்பா கீழே போவார். எனக்கு ஒன்றரை வயதில் மகள் இருந்தாள். அந்த நொடியில் அவள் நினைவு எதற்கு வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

பெங்களூர் மேசைக்குப் பேசினேன். "கிரேன் கிளம்பி அரை மணி நேரம் ஆகிவிட்டது, ஆனேக்கல் வழியாக வருகிறது" என்றார்கள். அந்த ஓட்டுநரின் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் எல்லைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தார். தமிழ்நாட்டுக்குள் வரத் தற்காலிக பர்மிட் இல்லை, அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை. "நானேன் மாட்லி மேடம்" என்றார். நான் என்ன செய்யட்டும் என்கிறார். அவரும்தான் என்ன செய்வார்?

மாதையன் அண்ணன் அப்போது தேன்கனிக்கோட்டையில் ஒரு டிராக்டரை இறக்கிவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து அந்த வளைவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

திரும்பிப் பார்த்தேன். சபாபதி சார் பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஃபைல் அவங்களோடதும்மா. விடுவிப்பு கேளுங்க. வந்ததும் எழுதுங்க. எழுதினதும் அனுப்புங்க."

"சார், உள்ள ஆளு இருக்காங்க."

"புரியுதும்மா. அதனாலதான் சரியா செய்யணும்னு சொல்றேன்."

சீட்டு கேட்டேன். பெங்களூரில் கையெழுத்துப் போடுபவர் கூட்டத்தில் இருந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். கூட்டம் முடியவில்லை. ஃபேக்ஸ் பொறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சபாபதி சாரும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து நிமிடம். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுவது அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு. முதல் நிமிடத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது சுலபம். அன்று எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். கணவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை, எனக்கு விதியை மீறிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒரு நாள் நான் தாமதமாகப் போனதில்லை.

பெரிய அறையிலிருந்து யாரோ கூப்பிட, சபாபதி சார் நான்கு எட்டு நகர்ந்தார். நான் ரிசீவரை எடுத்தேன்.

"அண்ணே, அஞ்செட்டி இறக்கம்." கல் எண்ணைச் சொன்னேன். "வேன் தொங்குது. உள்ள ரெண்டு பேரு. உடனே போங்க."

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிடறேன். நீங்க போங்க."

"எழுதிரு. அப்பறம் என்னைய மாட்டி உடாத" என்று சிரித்தார். பின்னால் இஞ்சின் கிளப்பும் சத்தம் கேட்டது.

சபாபதி சார் திரும்பி வந்து நின்றார். நான் எழுதவில்லை. அவர் போனதும் எழுதலாம் என்று நினைத்தேன். அவர் போகவில்லை.

மலையில் நடந்ததைப் பிறகு ஸ்டெல்லா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மாதையன் அண்ணன் கிரேனை மேட்டுப் பக்கம் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தார். வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்து போய்ச் சங்கிலி மாட்டினார். கம்பி வடம் விறைப்பாகும்வரை மட்டும் சுற்றிவிட்டு நிறுத்தினார். அருளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த முன் சீட்டைக் கழற்றச் சொல்லி, யாரோ கொண்டுவந்த கதவுப் பலகையில் கம்பளி விரித்து, மாவுக்கட்டோடு அந்தப் பெரியவரை முன்பக்கமாக இழுத்து எடுத்தார்கள். "பாத்துய்யா, ஆஸ்பத்திரிக்காரன் இப்பத்தான் கட்டு போட்டு அனுப்பியிருக்கான், மறுபடி அங்கயே அனுப்பிராதீங்க" என்று பெரியவர் சத்தம் போட்டாராம். கடைசியாக அருள் இறங்கினார். அவர் கால் தரையில் பட்டபோது, அதுவரை அழாத ஸ்டெல்லா உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதன் பிறகுதான் வேனை இழுத்தார்கள்.

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இங்கேயே இது முடிந்திருக்க வேண்டும்.

வேனின் முன்சக்கரங்களைத் தாங்கும் தண்டு, முன் ஆக்சில், வளைந்திருந்தது. காப்பீட்டுக்காரர்கள் எப்படி வளைந்தது என்று கேட்டார்கள். தங்கள் படிவத்தை ஓசூர் வண்டி தொட்டது என்று பெங்களூர் மேசை புகார் எழுதியது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல நிறுவனத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். சோதனைச் சாவடியில் பர்மிட் இல்லாமல் நின்ற கிரேனைப் பற்றியோ, கூட்டத்திலிருந்து எழுந்து வராத கையெழுத்தைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்காத படிவத்தைப் பற்றியும் பேச்சில்லை. விசாரணை முழுக்க இரண்டே கேள்விதான். உத்தரவு இருந்ததா? ஆக்சில் வளைந்ததா?

சபாபதி சாரும் வெளியூர் அதிகாரி ஒருவரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மாதையன் அண்ணன் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மா, நீங்க எழுத்துப்பூர்வமா உத்தரவு கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

சபாபதி சார் எழுதிக்கொண்டார். வாயால் சொன்னேனா என்று அடுத்த கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்படித்தான் எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்களா போனீங்களா, மாதையன்?"

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"நானாத்தான் போனேன் சார். எங்கூரு ரோடு. காதுல உழுந்துச்சி, போனேன்."

அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது! வெளியே வந்து அவரிடம், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உனக்குக் கைப்புள்ள இருக்குது. எனக்கு லைசென்ஸ் இருக்குது. போம்மா" என்றார். நான் போனேன். அதற்குப் பிறகு அதே நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன். படிவத்தின் ஓரத்தில், கட்டம் இல்லாத இடத்தில், "உள்ளே ஆள்: உண்டு / இல்லை" என்று ஒவ்வொரு முறையும் கையால் எழுதினேன். சபாபதி சார் அதைப் படிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

வனிதா வந்து போன பிறகு மாதையன் அண்ணனைத் தேடிப் போனேன். அவர் பெயரை வைத்து எழுத அவரிடம் கேட்காமல் எப்படி? ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார் என்று சொன்னார்கள். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். காலை நேரம், பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அடடே, அங்கிட்டு இங்கிட்டு! இது ரெண்டாவதா? பேரென்னா?"

பெயர் சொன்னேன். பயிற்சி வகுப்பில் நடப்பதைச் சொன்னேன். உங்களைப் போகச் சொன்னது நான்தான் என்று எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அத எழுதி இன்னா ஆவப்போவுது? நீ சொல்லாட்டியும் நான் போயிருப்பேன். அத உடு. அந்த ஆக்சிலு நான் வளைச்சதுன்னா சொல்லிக் குடுக்கறாங்க? இன்னுமா?"

"ஆமாண்ணே."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, சங்கிலிய நான் ஆக்சில்லயா மாட்டுனேன்? சேஸிஸ்ல, வண்டியோட அடிச்சட்டத்துல மாட்டுனேன். படுத்துப் பாத்து மாட்டுனேன். நான் போவும்போதே எடது பக்கத்து முன்சக்கரம் உள்ளாற மடங்கி நின்னுது. பாறையில மோதுச்சில்ல, அப்பவே வளைஞ்சிடுச்சி. அந்தப் பொண்ணக் கேளு, மொதல்ல காட்டுனதே அதுதான். இருவது வருசம் கிரேன் ஓட்டுனவன் ஆக்சில்ல சங்கிலி மாட்டுவானா? சந்தையில எவனாச்சும் கேட்டா சிரிப்பான்."

"விசாரணையில ஏண்ணே இதச் சொல்லல?"

"யாரு கேட்டா? வளைஞ்சிதான்னு கேட்டாங்க, வளைஞ்சிதுன்னேன். எப்ப வளைஞ்சிதுன்னு ஒருத்தரும் கேக்கல." என் பக்கம் திரும்பினார். "நீயுந்தான் கேக்கல."

உண்மை. நான் கேட்கவில்லை. எனக்காக ஒரு மனிதர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று இத்தனை வருடம் உருகிக்கொண்டிருந்தேன். அந்தப் பழியே பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் போலவே நானும், அவர் இழுத்து வளைத்துவிட்டார், பாவம், அவசரம் என்றுதான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அனுமதி இல்லாமல் போனார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வேலை தெரியாதவர் என்று திரையில் போட்டுக் காட்டுவதுதான் வலிக்கிறது. அந்த வலியைத் தெரிந்துகொள்ள நான் ராயக்கோட்டை வரை போக வேண்டியிருந்தது.

ஓசூருக்குத் திரும்பி ஸ்டெல்லாவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "கிரேன் வரும்போதே சக்கரம் கோணித்தானே நின்னுது. நாங்க யார்கிட்டயும் வேற மாதிரி சொல்லலியே" என்றார். ஆச்சரியமாகவே சொன்னார். அவரிடமும் யாரும் கேட்டதில்லை.

ஆகவே பயிற்சி நடத்துபவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த வேனின் ஆக்சில் பாறையில் மோதியபோதே வளைந்துவிட்டது. மாதையன் சங்கிலியைச் சேஸிஸில் மாட்டினார். சங்கிலி, ஆள், வண்டி என்ற வரிசையில் ஒன்றுகூடத் தவறாமல் இரண்டு பேரை உயிரோடு இறக்கினார். உங்கள் மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதுதான். திரையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். எழுதாமல் அனுப்பிய குற்றத்துக்கு அங்கே ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். என் பெயரைப் போடுங்கள், இனிஷியலோடு.